கீரைச் சட்டியை மூடலாமா?

காலை ஆறு மணிக்கு எங்கள் தெருவில் "கீரை... கீரையே..." என்று ஒரு குரல் கேட்கும். கூடையில் அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, முருங்கைக்கீரை, புளிச்சகீரை எல்லாம் கட்டுக் கட்டாக இருக்கும். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை எந்த ஊரில் நீங்கள் இருந்தாலும் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதல்ல.

இன்று உங்கள் வீட்டில் கீரை வேகும்போது அடுப்பங்கரைக்குப் போய், சட்டியின் மேல் ஒரு தட்டை வைத்து மூடிப் பாருங்கள். உடனே அதட்டல் வரும். என் சிறு வயதில் நான் அப்படிச் செய்தபோது என் ஆயா, "மூடாதடா, கீர கறுத்துப்பூடும்!" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டார். ஏன் கறுக்கும் என்று கேட்டேன். "எங்கம்மா அப்படித்தான் சொல்லுவாங்க" என்பது பதில். அந்தக் கேள்வி வெகு காலம் அப்படியே கிடந்தது.

அதை மறுபடியும் எழுப்பியவர் என் மாணவி ஒருவர். வெப்பவியல் வகுப்பு முடிந்த பிறகு வந்து, "சார், பிரெஞ்சுக்காரர்கள் அரைக் கிலோ கீரையை ஐந்து லிட்டர் தண்ணீரில் போட்டு வேக வைப்பார்களாம். புத்தகத்தில் படித்தேன். நாங்கள் அரை லிட்டர் கூட விட மாட்டோம். எது சரி?" என்று கேட்டார். பிறகு சற்றுத் தயங்கி, "எங்கள் தெருக் கிணறு உப்பாகி வெகு நாளாகிறது, சார். சமைக்கிற தண்ணீர் குடத்தில் தான் வருகிறது. ஐந்து லிட்டர் தான் சரியென்றால் எங்களால் முடியாது" என்றார்.

இது விளையாட்டுக் கேள்வி அல்ல. ஒரு குடும்பத்தின் தண்ணீரும் எரிபொருளும் உணவின் சத்தும் இதில் அடங்கியிருக்கின்றன. வாருங்கள், அந்தச் சட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பிரெஞ்சு முறை என்பது என்ன?

பிரெஞ்சு சமையலின் பழைய முறை இது: பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் எடுத்து, லிட்டருக்குச் சுமார் 10 கிராம் உப்புப் போட்டு, தளதளவென்று கொதிக்க விடுவார்கள். கழுவிய கீரையை அதில் போட்டு, மூடாமலே சில நிமிடங்கள் வேக வைப்பார்கள். வெந்ததும் சட்டென்று வடித்துக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துவார்கள். பிறகு நீரைப் பிழிந்து, நறுக்கி, வெண்ணெயில் புரட்டிப் பரிமாறுவார்கள். வடித்த தண்ணீர் கொட்டப்பட்டுவிடும்.

நன்றாகக் கவனியுங்கள்: பிரெஞ்சு சமையற்காரரும் மூடுவதில்லை, என் ஆயாவும் மூடுவதில்லை! பல ஆயிரம் மைல் இடைவெளியில் இருக்கும் இரண்டு அடுப்பங்கரைகள் ஒரே விதியைக் கண்டுபிடித்திருக்கின்றன என்றால், அதற்குப் பின்னால் ஓர் இயற்கை விதி இருந்தாக வேண்டும்.

பச்சையத்தின் நடுவில் ஓர் உலோகம்

கீரையின் பச்சை நிறத்துக்குக் காரணம் பச்சையம் என்னும் பொருள். 1817-ஆம் ஆண்டு பெல்லத்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சு மருந்தியலார் இலைகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்து, 'குளோரோஃபில்' என்று பெயரிட்டார்கள். கிரேக்க மொழியில் 'பச்சை இலை' என்று பொருள். மலேரியாவுக்கு மருந்தான குயினைனை 1820-இல் பிரித்தெடுத்தவர்களும் இவர்களே.

பச்சையத்தின் மூலக்கூறு எப்படி இருக்கும்? ஒரு வளையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உட்புறத்தில் நான்கு நைட்ரஜன் அணுக்கள். அந்த நான்கும் சேர்ந்து நடுவில் ஒரே ஒரு மக்னீசியம் அணுவைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வளையத்திலிருந்து நீளமான வால் ஒன்றும் தொங்குகிறது. பச்சையத்தில் மக்னீசியம் இருப்பதை நிலைநாட்டிய ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர், தாவர நிறமிகள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1915-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். நம் இரத்தத்தின் சிவப்பு நிறமியிலும் இதைப் போன்ற வளையம் உண்டு; அங்கே நடுவில் இருப்பது இரும்பு.

மக்னீசியம் நடுவில் இருக்கும் வரை கீரை பச்சை. ஆனால் அதன் பிடி அவ்வளவு உறுதியானதல்ல. அமிலம் வந்தால், அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு உள்ளே புகுந்து மக்னீசியத்தை வெளியே தள்ளிவிடும். மிஞ்சுவது ஃபியோஃபைட்டின் என்ற பொருள். அதன் நிறம் மங்கிய பழுப்புப் பச்சை. ஆயா சொன்ன 'கறுப்பு' இதுதான்.

சரி, கீரையில் அமிலம் ஏது? ஒவ்வொரு இலையிலும் இருக்கிறது. உயிருள்ள இலையின் செல்லில் அமிலங்கள் ஒரு பையிலும், பச்சையம் வேறொரு அறையிலும் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. சூடு பட்டதும் இந்தச் சுவர்கள் கிழிந்து எல்லாம் கலந்துவிடுகின்றன. அமிலங்களில் சில ஆவியாகக்கூடியவை. சட்டி திறந்திருந்தால் முதல் சில நிமிடங்களிலேயே நீராவியோடு சேர்ந்து வெளியேறிவிடும். மூடியிருந்தால்? ஆவி தட்டில் பட்டுக் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகச் சட்டிக்குள்ளேயே திரும்பி விழும். மூடாதே என்ற விதியின் இரகசியம் இதுவே.

இதற்கு உங்கள் ஊரிலேயே இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. புளிச்சகீரையை எப்படி வேக வைத்தாலும் சூடு பட்ட மறுகணமே பழுப்பாகிவிடுகிறது. அது தனக்குள்ளேயே நிறையப் புளிப்பை வைத்திருக்கிறது. இரண்டாவது சாட்சி ஆம்பூர் பிரியாணி! அதில் போட்ட புதினா எப்போதாவது பச்சையாக இருந்து பார்த்திருக்கிறீர்களா? தயிரின் புளிப்பு ஒரு பக்கம். தம் போடும்போது இறுக மூடிய மூடி மறு பக்கம். பச்சையம் எப்படித் தப்பும்?

இன்னொன்றையும் பார்த்திருப்பீர்கள். கீரையைக் கொதிநீரில் போட்ட முதல் அரை நிமிடத்தில் அதன் பச்சை முன்னைவிடப் பளிச்சென்று ஆகிறது. புதிதாகப் பச்சையம் எதுவும் உண்டாகவில்லை. இலையின் செல்களுக்கிடையே நுண்ணிய காற்றிடங்கள் இருக்கின்றன. அவை ஒளியைச் சிதறடித்து, பச்சையின் மேல் ஒரு மங்கலை உண்டாக்குகின்றன. சூட்டில் காற்று வெளியேறி அவ்விடத்தில் நீர் புகுந்ததும் மங்கல் விலகுகிறது. எண்ணெய் பட்ட காகிதத்தின் வழியே ஒளி தெளிவாக வருவதைப் போன்றதே இதுவும்.

அவ்வளவு தண்ணீர் எதற்கு?

இப்போது பிரெஞ்சு முறையின் ஐந்து லிட்டருக்கு வருவோம். ஒரு காரணம் எளிது: நிறைய நீரில் அமிலம் நீர்த்துப்போகும். இன்னொரு காரணத்தை அறிய, நீங்கள் பள்ளியில் படித்த கலவை முறைக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கீரையில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். ஆகவே அதன் தன்வெப்பத்தை நீரின் தன்வெப்பமாகவே எடுத்துக்கொள்ளலாம். 30 டிகிரி செல்சியசில் உள்ள அரைக் கிலோ கீரையை 100 டிகிரியில் கொதிக்கும் 5 லிட்டர் நீரில் போட்டால் கலவையின் வெப்பநிலை என்ன?

(5 × 100 + 0.5 × 30) ÷ 5.5 = 93.6 டிகிரி.

அதே கீரையை அரை லிட்டர் கொதிநீரில் மொத்தமாகப் போட்டால்?

(0.5 × 100 + 0.5 × 30) ÷ 1 = 65 டிகிரி.

பார்த்தீர்களா வித்தியாசத்தை! 65 டிகிரியிலிருந்து மறுபடி கொதிக்கும் வரை கீரை வெதுவெதுப்பிலேயே கிடக்கிறது. இதனால் என்ன தீமை? இலையில் நொதிகள் என்ற பொருள்கள் இருக்கின்றன. பச்சையத்தின் வாலை வெட்டி அதை நீரில் கரையச் செய்யும் நொதி ஒன்று உண்டு. அது ஏறத்தாழ 66 முதல் 77 டிகிரி வரையில் தான் மிகச் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது; கொதிநிலையை நெருங்கினால் அழிந்துவிடுகிறது. உயிர்ச்சத்து 'சி'யைக் கெடுக்கும் நொதியும் கீரையை நறுக்கியவுடனேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. நல்ல சூட்டில் தான் ஓய்கிறது. ஆகவே கீரை வெதுவெதுப்பான வட்டாரத்தை விரைந்து தாண்டுவது நல்லது. ஐந்து லிட்டர் நீர் இதைச் செய்து கொடுக்கிறது.

ஆனால் விலை என்ன? 5 லிட்டர் நீரை 30-லிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 350 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அரை லிட்டருக்கு 35 போதும். நம் அடுப்பு விநாடிக்குக் கால் கிலோ கலோரி வெப்பத்தைப் பாத்திரத்துக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து லிட்டர் கொதிக்க 1,400 விநாடி, அதாவது 23 நிமிடத்துக்கு மேல். அரை லிட்டர் 140 விநாடியில் கொதித்துவிடும். பிறகு குளிர வைக்க இன்னுமோர் ஐந்து லிட்டர். ஆக, அரைக் கிலோ கீரைக்குப் பத்து லிட்டர் தண்ணீர்! 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம் கிராமப்புறத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் இலக்கே 55 லிட்டர்தான். அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு, ஒரு வேளைக் கீரைக்கே போய்விடும்.

இதற்கு வேறு வழியே இல்லையா? இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவரும் ஆயா தான்! அவர் கீரையை ஒரேயடியாகச் சட்டியில் கொட்டியதே இல்லை. கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் கொதி வந்த பிறகே அடுத்ததைப் போடுவார். ஒரு கைப்பிடி 50 கிராம் என்று வைத்துக் கணக்கிடுவோம்:

(0.5 × 100 + 0.05 × 30) ÷ 0.55 = 93.6 டிகிரி.

ஐந்து லிட்டரில் வந்த அதே விடை! காரணம் புரிகிறதல்லவா? வெப்பநிலை எவ்வளவு இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் அளவு மட்டும் அல்ல. தண்ணீருக்கும் ஒரு தடவையில் போடும் கீரைக்கும் உள்ள விகிதம். அங்கே பத்துக்கு ஒன்று. இங்கேயும் பத்துக்கு ஒன்று. ஒவ்வொரு கைப்பிடிக்கும் பிறகு மறுபடி கொதி வர 14 விநாடி. பத்துக் கைப்பிடிக்கும் சேர்த்து 140 விநாடி. ஐந்து லிட்டரில் மொத்தமாகப் போட்டாலும் அது திரும்பக் கொதிக்க இதே 140 விநாடி தான் ஆகும். ஏனெனில் கீரைக்கு வேண்டிய வெப்பம் இரண்டிலும் ஒன்றே. காற்றிலும் ஆவியிலும் போகும் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் முடிவு மாறாது.

உப்புப் போட்டால் கொதிநிலை ஏறுமா?

"உப்புப் போட்டால் தண்ணீர் அதிகச் சூடாகும், அதனால் கீரை சீக்கிரம் வேகும்" என்று பலர் சொல்வார்கள். கரைபொருள் சேர்ந்தால் கொதிநிலை உயரும் என்பது உண்மையே. ஆனால் எவ்வளவு? லிட்டருக்கு 10 கிராம் உப்புக்கு 0.2 டிகிரிக்கும் குறைவு! இடம் மாறினாலே இதைவிட அதிக வித்தியாசம் வந்துவிடும். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏலகிரி மலையில் தண்ணீர் ஏறத்தாழ 96½ டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எனவே உப்பின் பயன் வேறு. ஒன்று, சுவை. மற்றொன்று, தாவரச் செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் என்ற பசையில் கால்சியம் கொக்கி போல மாட்டிக்கொண்டிருக்கிறது. உப்பின் சோடியம் அந்தக் கொக்கிகளில் சிலவற்றைக் கழற்றிக் கீரையைச் சற்று மெதுவாக்கும்.

கால்சியத்தின் இந்தக் கொக்கியை நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் மீண்டும் வரும்.

பச்சையைக் காக்க ஒரு குறுக்கு வழி

மக்னீசியத்தின் பிடி தளர்ந்தது என்றோம். அந்த இடத்தில் செம்பு உட்கார்ந்துவிட்டால் அதை அமிலத்தால் எளிதில் அசைக்க முடியாது. நிறமும் கண்ணைப் பறிக்கும் பச்சையாகிவிடும். 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் டப்பாத் தொழிற்சாலைகள் பட்டாணியை அடைக்கும்போது அதில் மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட், சேர்த்தன. பட்டாணி மாதக் கணக்கில் பச்சையாகவே இருந்தது. ஆனால் அளவு மீறிய செம்பு குமட்டலையும் வாந்தியையும் வயிற்று வலியையும் உண்டாக்கும். நம் ஊரில் செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்கு உட்புறம் ஈயம் பூசாமல் புளிப்பான எதையும் சமைக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

உலோகத்தின் பிடி எவ்வளவு வலியது என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தோல் தொழிற்சாலைப் பக்கம் போனவர்கள் வெளிர்நீல நிறத்தில் ஈரமாக அடுக்கியிருக்கும் 'வெட் புளூ' தோல்களைப் பார்த்திருப்பீர்கள். பச்சைத் தோல் 60, 65 டிகிரிச் சூட்டிலேயே சுருங்கிவிடும். குரோமியம் ஊட்டிய தோலோ கொதிநீரையும் தாங்கும். குரோமியம் தோலின் புரத இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்துவிடுவதே காரணம்.

பச்சையைக் காக்க இன்னொரு குறுக்கு வழி, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. இது ஒரு காரம், அமிலத்தை முறியடிக்கும். கீரை பச்சையாக இருக்கும். ஆனால் உயிர்ச்சத்து 'சி'யும் 'பி-1'-உம் காரத்தில் விரைந்து அழியும். கீரையும் குழைந்து கொழகொழப்பாகும். கண்ணுக்கு இலாபம், உடம்புக்கு நஷ்டம்.

கொட்டும் தண்ணீரில் போவது என்ன?

பிரெஞ்சு முறையில் நிறம் காக்கப்படுகிறது. சத்து? உயிர்ச்சத்து 'சி'யும் 'பி' வகையைச் சேர்ந்த ஃபோலேட்டும் நீரில் கரைபவை. நிறைய நீரில் வேக வைத்துக் கொட்டினால் கீரையின் 'சி'யில் பாதியும் அதற்கு மேலும் சாக்கடைக்குப் போவது சாதாரணம். மாறாக, நம் உடலில் உயிர்ச்சத்து 'ஏ'யாக மாறும் கரோட்டின் நீரில் கரையாது. சூட்டையும் ஓரளவு தாங்கும். ஆனால் அது உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். ஆகவே பிரெஞ்சுக்காரரின் வெண்ணெயும் நம் தாளிப்பு எண்ணெயும் ஒரே வேலையைத் தான் செய்கின்றன.

வடித்துக் கொட்டுவதிலும் ஒரு நன்மை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பாலக் போன்ற சில கீரைகளில் ஆக்சாலிக் அமிலத்தின் உப்புகள் மிகுதி. சிறுநீரகத்தில் கல் உண்டாக அவை துணைபுரியும். நிறைய நீரில் வேக வைத்து வடித்தால் அவற்றில் கணிசமான பகுதி போய்விடும். அப்படிப்பட்ட நோயாளிக்கு மருத்துவர் சொன்னால் வடிப்பதே முறை. மற்றவர்களுக்கு, வெந்த தண்ணீரையும் சேர்த்துக் கடைந்து உண்பதே சிக்கனம்.

ஆனால் ஒரு நிபந்தனை: அந்தத் தண்ணீர் நல்லதாக இருக்க வேண்டும்.

மூன்று தண்ணீரில் ஒரு கீரை

மாணவியின் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் நானே சோதித்துப் பார்த்தேன். ஒரே கட்டுச் சிறுகீரையை மூன்றாகப் பிரித்து, பிடித்து வைத்த மழைநீரில் ஒன்று, குழாய் நீரில் ஒன்று, தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியின் கிணற்று நீரில் ஒன்று என்று ஒரே நேரம் வேக வைத்தேன். எது மிகப் பச்சையாக இருந்தது தெரியுமா? கிணற்று நீர்! தண்டுகள் மட்டும் சற்று நறுக்கென்று இருந்தன. வாயில் வைத்தால் ஒரே உவர்ப்பு. குடிக்க உதவாத நீர் கீரைக்கு அழகான நிறத்தைக் கொடுத்தது எப்படி?

கடின நீரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அதில் கரைந்துள்ள பைகார்பனேட், கொதிக்கும்போது கரியமில வாயுவை வெளியிடுகிறது. வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளைப் படிவு உண்டாவது இதனால்தான். மிஞ்சும் நீர் முன்னைவிடக் காரத்தன்மை அடைகிறது. ஆப்ப சோடா செய்த வேலையை இங்கே தண்ணீரே செய்துவிட்டது. தண்டு நறுக்கென்று இருந்தது கால்சியத்தின் கொக்கியால். துவரம்பருப்பு உப்புத் தண்ணீரில் வேகாது என்று அம்மாக்கள் சொல்வதும் இந்தக் கொக்கியைத் தான்.

ஆகவே, பச்சை நிறம் அமிலத்தைப் பற்றி மட்டுமே பேசும். தண்ணீர் நல்லதா என்று சொல்லாது. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். கரைந்த உப்பு போகாது. லிட்டருக்கு 2 கிராம் உப்புகள் உள்ள நீரைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சினால், லிட்டருக்கு 4 கிராம் உள்ள நீர் கிடைக்கும். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீரே இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது? பாறை கரைந்து வரும் உப்பு எல்லாக் கிணற்றிலும் கொஞ்சம் உண்டு. ஆனால் நம் பகுதியின் கதை அதோடு முடியவில்லை. ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் அழுகாமல் இருக்க முதலில் உப்பில் கிடத்துகிறார்கள். தொழிற்சாலையில் ஊற வைக்கும்போது அந்த உப்பு முழுவதும் கழிவு நீரில் இறங்குகிறது. பிறகு முடியை நீக்கச் சுண்ணாம்பு. அதன் பிறகு பதனிடும் பொருள்கள். இந்த நீர் பல ஆண்டுகள் சரியாகச் சுத்தம் செய்யப்படாமல் நிலத்திலும் பாலாற்றிலும் விடப்பட்டது. பாலாற்றில் பெரும்பாலான நாள்களில் மணலைத் தான் பார்க்கிறோம். நீர் மணலுக்கு அடியில் இருக்கிறது. மேலே விட்டது அங்கேதான் இறங்கும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அத்தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்குச் சராசரியாக 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதும் அதில் உள்ள கணக்கே. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிபெற இத்தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துள்ளன. ஆயினும் நிலத்தடியில் இறங்கிய உப்பு எளிதில் வெளியேறுவதில்லை. 2025 ஜனவரி 30-ஆம் நாளும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மற்றொரு தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது.

தோல் தொழிலைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. என் வகுப்பில் அமர்ந்திருப்பவர்களில் பலருடைய கல்விக் கட்டணம் அந்தத் தொழிலின் கூலியிலிருந்து வருகிறது. தொழிலும் வேண்டும், கிணறும் வேண்டும். இரண்டையும் காக்கும் வழியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு உங்களில் சிலருக்கு வந்து சேரும்.

நீங்களே செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சிறு பாத்திரங்களில் ஒரே அளவு நல்ல தண்ணீர் எடுங்கள். ஒன்றில் எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் எலுமிச்சைச் சாறு அரைக் கரண்டி. மூன்றாவதில் ஆப்ப சோடா ஒரு சிட்டிகை. மூன்றும் கொதித்ததும் ஒவ்வொன்றிலும் பத்து இலைகளைப் போட்டு, 1, 3, 5, 10 நிமிடங்களில் ஒவ்வோர் இலையாக எடுத்து வெள்ளைத் தட்டில் வரிசையாக வையுங்கள். நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், விரலால் நசுக்கிப் பாருங்கள். அடுத்து, எதுவும் சேர்க்காத நீரிலேயே, மூடி வைத்து ஒரு முறை, மூடாமல் ஒரு முறை. ஆயாவின் விதி உண்மையா என்று உங்கள் தட்டே சொல்லும்.

மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான். "ஐந்து லிட்டர் வேண்டாம், அம்மா. முதலில் கழுவி, பிறகு நறுக்கு. அரை லிட்டர் நல்ல தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு கைப்பிடி கைப்பிடியாகப் போடு. மூடாதே. கடைசிக் கைப்பிடி போட்டு நான்கைந்து நிமிடத்தில் இறக்கிவிடு. புளி சேர்ப்பதானால் இறக்கும்போது சேர். தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே கடை. மிஞ்சினால் ரசத்தில் விடு. எண்ணெயில் தாளி."

அவர் சிரித்துக்கொண்டே, "இதைத்தான் சார் எங்கள் வீட்டில் தினமும் செய்கிறோம்" என்றார்.

"அப்படியானால், ஏன் செய்கிறீர்கள் என்பது இப்போது தெரிந்துவிட்டதே" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நல்ல தண்ணீர் அரை லிட்டர் என்றீர்களே சார், அது எங்கள் கிணற்றில் எப்போது வரும்?" என்று கேட்டார்.

என்னிடம் அதற்குக் கலவை முறைக் கணக்கு இல்லை. இந்தக் கேள்வியை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.